நாலு விரல் ஓரம் விட்ட மொட்டைக் கடிதம்

ரெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் வந்தது. மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தின் கீழ் இருக்கும் என் மேசை இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே வந்து பெட்டிசம், அதாவது மனு, எழுதுவித்தவர்கள்தான் உங்களில் பாதிப்பேர். அன்றும் ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "முல்லைத்தீவைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சியை வசிப்பிடமாகவும் கொண்ட, பொலிஸ் நிலைய மொழிபெயர்ப்பாளர்..." என்று தொடங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. பேனை அப்படியே நின்றது.

எதிரே கதிரையில் இருந்தவர், "அட, அந்த அம்மாவோ? நல்ல மனுசி, பாவம்" என்று ச்சூ கொட்டினார். பிறகு என் தாளை விரலால் தட்டி, "எழுதுங்கோ ஐயா, ஏன் நிப்பாட்டிப் போட்டியள்?" என்றார். மணல் ஏற்றும் அனுமதியைப் புதுப்பிக்க அவருக்கு ஒரு விண்ணப்பம் வேண்டியிருந்தது. எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஏனென்றால் இந்த உலகத்தில் நான் யாருக்குப் பயப்படுகிறேனோ, அந்த மனிதர்தான் அந்தக் கதிரையில் இருந்தார். அவர் செய்த கொலையைப் பற்றி நான் எழுதிய மொட்டைக் கடிதம் ஒன்று பொலிஸ் நிலையத்தில் கிடந்தது. அதை எழுதியது நான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் ரெஜினா அக்கா.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. இனி அந்தக் கடிதத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற பயம். அழுகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

அக்கா கரையோரத்து மீன்பிடிக் குடும்பம். சிறு வயதில் நீர்கொழும்பில் உறவினர் வீட்டில் நின்று படித்ததால் சிங்களம் தண்ணீராக ஓடும். பொலிஸ் நிலையத்தில் நம் ஆட்கள் தமிழில் சொல்லி அழுவதைச் சிங்களத்தில் எழுதுவதுதான் அவர் வேலை. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, "என்ர கண்ணாடியைக் கண்டனீங்களோ?" என்று வந்தவர்களையே கேட்பார். பயந்து நடுங்கிக்கொண்டு உள்ளே போன எத்தனையோ பேருக்கு அந்த ஒரு கேள்வியில் மூச்சு வந்திருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் புதிதாக வந்த பொறுப்பதிகாரி, முடிவு காணாமல் தூசி பிடித்துக் கிடந்த வழக்குகளை வெளியே எடுத்தார். தகவல் தெரிந்தவர்கள் வந்து உதவுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவித்தல் ஒட்டச் சொன்னார். அக்கா தமிழில் எழுதினார். நிலைய வாசலில் ஒட்டினார்கள். ஒரு குருவியாவது நிற்கவேண்டுமே! பொலிஸ் வாசலில் நின்று கொலை அறிவித்தல் வாசிக்க நம் ஆட்களுக்கு என்ன விசரா? இரண்டு நாள் பார்த்துவிட்டு அக்கா அதைப் பெரிய எழுத்தில் மறுபடி அச்சடித்து, பஸ் நிலையத்தில் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒட்டினார். "பயந்த ஆளும் வாசிக்க வேணுமெல்லோ தம்பி. பஸ் நேரம் பாக்கிறன் எண்டு நிண்டு வாசிக்கட்டும்" என்றார். அந்தக் கிழமை ஊரில் எல்லோருக்கும் பஸ் நேரத்தில் அப்படி ஓர் அக்கறை வந்தது. மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்கள்கூட வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மூன்றாவதாக மாணிக்கத்தின் பெயர் இருந்தது.

மாணிக்கம் தர்மபுரத்துப் பக்கம். என்னைப் போலவே, மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளை. அந்த மனிதரின் மணல் ட்ரக்டர்கள் வாய்க்கால் கட்டை உடைத்ததால் அவன் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அறிவித்தல் ஒட்டுவதற்குச் சில வருடங்களுக்கு முன் என்னிடம் பெட்டிசம் எழுத வந்தான். "பேரு போடாம எழுதலாமாங்க?" என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம்! "மொட்டைப் பெட்டிசத்தைக் குப்பைக்கூடையில போடுவாங்க. எழுதினா ஆம்பிளையாட்டம் கையெழுத்துப் போடு" என்று ஏசினேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் போட்டான். எட்டுப் பிரதி எடுத்து எட்டு அரசாங்கக் கந்தோருக்கும் நானே அனுப்பினேன். அந்த எட்டில் ஏதோ ஒன்று அந்த மனிதரின் கைக்குப் போயிருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து, இரணைமடுக் குளத்தடியில் விடியப்புறம் மீன் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் கட்டில் ட்ரக்டர் குறுக்கே நின்றது. அதை மறித்துக்கொண்டு மாணிக்கம் நின்றான். அந்த மனிதர் கையில் இரும்புக் கம்பியோடு இறங்கினார். ஒரே அடி. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நான் சைக்கிளைத் திருப்பினேன். மீன் பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. வீட்டில் மனைவியிடம் இன்றைக்கு மீன் படவில்லை என்றேன். மறுநாள் மாணிக்கத்தை வாய்க்காலில் எடுத்தார்கள். தவறி விழுந்தானா, அடித்துப் போட்டார்களா என்று தெரியாமல், கண்டவர் எவரும் இல்லாமல், வழக்குக் கோவை கிடப்பில் போனது. பெயரை எழுது என்று சொன்னவன் உயிரோடு இருந்தேன். எழுதியவன் போய்விட்டான்.

அறிவித்தலைப் பார்த்த பிறகு நித்திரை இல்லை. கடைசியில் ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்துத் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் அங்கே தபாலில் போட்டேன். என்னைப்போல் கெட்டிக்காரன் இல்லை என்ற நினைப்போடு திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் அக்கா என் மேசைக்கு வந்தார். வாங்கில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "தம்பி, எனக்கொரு பெட்டிசம் எழுத வேணும். காணிப் பிரச்சினை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் எழுதத்தான் வேண்டியிருந்தது.

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. இடது கையால் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதிகாரி குறிப்பு எழுதுவதற்கென்று மொட்டைக் கடிதத்திலும் நாலு விரல் ஓரம் விடுகிற ஆள் இந்த மாவட்டத்தில் ஒருவர்தான் இருக்கிறார். கடைசியில் பிரதிகள் என்று போட்டு, அதில் சொந்தக் கோவை என்றும் எழுதியிருக்கிறீர்கள்."

என் கை நின்றுவிட்டது. இருபது வருடப் பழக்கம், இடது கைக்கும் தெரிந்திருக்கிறது! "எழுதுங்கோ தம்பி" என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "நான் சிங்களத்தில் பெயர்த்தபோது ஓரத்தையும் பிரதியையும் பெயர்க்கவில்லை. இங்கே தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான். ஆனால் பெயரில்லாத கடிதம் நீதிமன்றப் படி ஏறாது. கீழே கையெழுத்துக்கு இடம் விடவும்." இடம் விட்டேன். அவர் தாளை வாங்கி வாசித்து, நாலாக மடித்து என் மேசை லாச்சிக்குள் வைத்தார். "இது உங்கட பெட்டிசம். நிரப்பினாப் பிறகு கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒரு நாளும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு ஆகப் பெரிய கரைச்சல். ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு கொடுக்க வந்த ஒருவரோடு நான் நிலையத்துக்குப் போயிருந்தேன். மாணிக்கத்தின் மனைவி செல்லம்மா வாங்கில் இருந்தாள். செவ்வாய்க்குச் செவ்வாய் வருவாளாம். "ஏதாச்சும் வந்துச்சுங்களாம்மா?" என்று கேட்டாள். அக்கா என்னைத் திரும்பியும் பார்க்காமல், "ஒண்டு வந்திருக்குப் பிள்ளை. ஆனா இன்னும் முழுசா வரேல்லை" என்றார். "வரட்டுங்கம்மா. நான் எங்க போகப் போறேன்" என்ற செல்லம்மா என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். "இந்த ஐயாதாம்மா எங்க வீட்டுக்காருக்குப் பெட்டிசம் எழுதிக் குடுத்தாரு" என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்காதா என்றிருந்தது.

சிறுநீரக வருத்தம் முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தபோது பார்க்கப் போனேன். கை கால் வீங்கிக் கிடந்தார். "நான் போனால் அந்தக் கதிரைக்கு வேற ஆள் வரும். தமிழ் வாசிக்கும். உங்கட ஓரத்தையும் பாக்கும்" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, அதைக் கிழிச்சுப் போடேலாதோ?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். சாகக் கிடக்கிற மனுசியிடம் என் தலையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "செல்லம்மாட்டை நீங்களே போய்ச் சொல்லுவியள் எண்டால் கிழிக்கிறன்" என்றார்.

பிறகு நான் கேட்காமலே, "கடைசிச் சண்டைக்குள்ளை எங்கட அண்ணன் காணாமல் போனவர். அவரைக் கடைசியாக் கண்ட ஆள் ஆரோ ஒருவர் எங்கையோ இருக்கத்தானே வேணும். அவரும் உங்களை மாதிரிப் பயந்துகொண்டுதான் இருப்பார். நான் அவரை ஏசுறேல்லைத் தம்பி" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "பயம் போகட்டும், எழுதுவம் எண்டு இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் எழுதமாட்டினம். பயந்துகொண்டே எழுதுங்கோ" என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

செத்தவீட்டுக்கு அந்த மனிதரும் வந்தார். பெரிய மலர்வளையத்தோடு வந்தார். அக்காவை அடக்கம் செய்த சேமக்காலையில் என் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். அந்தக் கையின் பாரம் இப்போதும் தோளில் இருக்கிறது. "ஐயா, பொலிஸில அந்த அம்மான்ர இடம் காலிதானே. என்ர மருமகனுக்கு ரெண்டு பாசையும் தெரியும். அவரைப் போடச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. உங்கட கை ராசியான கை" என்றார். "ஓம்" என்று தலையாட்டினேன். மருமகன் அந்தக் கதிரையில் இருப்பான், கோவையைத் திறப்பான், நாலு விரல் ஓரத்தைப் பார்ப்பான். அதற்கு வழி திறந்துவிடும் கடிதத்தையும் நானே எழுதவேண்டும்!

மறுநாள் காலை மேசையை விரிக்கவில்லை. லாச்சியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு தர்மபுரத்துக்குப் போனேன். செல்லம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மீன் பை விழுந்ததையும் சொன்னேன். அடிப்பாள், மண் அள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் நெடுநேரம் மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவரு உங்களப் பாத்தாருங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "பாத்திருந்தா நல்லதுங்க. தனியா இல்லன்னு நெனச்சிருப்பாரு" என்றாள். நான் அந்த முற்றத்திலேயே குந்தி இருந்து அழுதேன்.

இருவரும் ஒரே பஸ்ஸில் நிலையத்துக்குப் போனோம். வேறோர் இடத்திலிருந்து தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் ஒருவரை வரவழைத்து என் வாக்குமூலத்தை எழுதினார்கள். அக்கா சொல்லி நான் எழுதிய தாளையும் கொடுத்தேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் வலது கையால் என் பெயரை எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாகப் போட்டதில் அது மாணிக்கத்தின் கையெழுத்தைப் போலத்தான் வந்தது.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மோட்டார்சைக்கிள் ஒன்று வீட்டு வாசல் படலையடியில் மெதுவானால் என் மனைவி விளக்கை அணைக்கிறாள். கச்சேரி வாசலில் என் கதிரை பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அந்த மனிதர் இன்னும் வெளியில்தான் இருக்கிறார், விசாரணை நடக்கிறது. அதனால்தான் அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

ஆனால் என் பெயரை எழுதுவேன். அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசையில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்ட அவருடைய தங்கை, என் நிலைமையை நினைத்து, "பேர் வேண்டாம் அண்ணை, ஓர் அன்பர் எண்டு போடுவம்" என்றார். நல்ல மனம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாளின் பிரதி ஒன்றும், பயந்துகொண்டே எழுதுங்கோ என்ற அந்த வார்த்தையும்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் அன்பராக ஒளிந்திருக்க என்னால் முடியாது.

இங்ஙனம்,
சுப்பையா இராமலிங்கம்
பெட்டிசம் எழுதுபவர், கச்சேரி வாசல்

பிரதிகள்:
1. திருமதி செல்லம்மா மாணிக்கம், தர்மபுரம்
2. பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம்
3. அமரர் ரெஜினா அக்கா
4. சொந்தக் கோவை