ஹாம்பர்க்கில் ஏழாம் எண் சாவி

திங்கள், காலை 6.10. கார்ல்ஸ்ரூஹேயில் ரயில் ஏறினேன். ஹாம்பர்க் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பஞ்சு சுற்றிய எட்டு உலோகத் தகடுகள். அங்குள்ள ஆய்வுக்கூடத்தில், பீம் எனப்படும் துகள் கற்றைகள் எதிரெதிராகச் சுற்றி மோதும் வட்டக் குழாய் ஒன்று சுரங்கத்துக்குள் உண்டு. கற்றை குழாயின் நடுவில் போகிறதா என்பதை இதுவரை ஒளிரும் திரையைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லி வந்தார்கள். இனி கார்ல்ஸ்ரூஹேயில் நாங்கள் செய்த இந்தத் தகடுகள் எண்ணாகவே சொல்லும். சரியாகச் சொன்னால் எனக்கு ஒரு மாத விடுப்பு என்று எங்கள் பேராசிரியர் வாக்களித்திருந்தார். சென்னையில் மகள் பிறந்து பதினொரு மாதம். நான் பார்த்திருப்பது புகைப்படத்தைத்தான்.

எதிரே இருந்த ஜெர்மானிய அம்மாள், "பெட்டியில் கேக்கா?" என்றார்.

"இல்லை, என் விடுமுறை" என்றேன்.

செவ்வாய். சுரங்கத்துக்குள் போகிறவர் ஒவ்வொருவரும் வாசல் பலகையிலிருந்து ஒரு சாவி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சாவிகளும் பலகைக்குத் திரும்பினால்தான் கற்றை ஓடும். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? எனக்கு ஏழாம் எண். பொறியாளர் பிராண்டும் நானும் மண்டியிட்டே தகடுகளைப் பொருத்தினோம். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க இரண்டு நாள் பிடித்தது.

வெள்ளி காலை, சுரங்கத்துக்குள் போய்க் கம்பிகளைக் கடைசியாகச் சரிபார்த்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த அஞ்சலகத்துக்கு ஓடினேன். பத்து மணிக்குச் சென்னைக்கு மூன்று நிமிட டிரங்க் கால் பதிவு செய்திருந்தேன். மாடிவீட்டுத் தொலைபேசியில் என் மனைவி கமலா.

"என்னங்க, பாப்பா நேத்து நாலடி நடந்தா. எப்ப வரீங்க?"

"இன்னிக்கு பீம் ஓடணும். ஓடிட்டா கிளம்பிடுவேன்."

"இன்னும் ஓடலையா? எதுக்கு நிக்குது?"

"இந்நேரம் ஓடியிருக்கும்" என்றேன். மூன்று நிமிடம் முடிந்தது. பணம் கொடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். முதலில் அகப்பட்டது சாவி.

திரும்பியபோது ஆறு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். ஏழாம் எண் ஆணி வெறுமையாக இருந்தது.

"சுரங்கம் முழுக்க இரண்டு முறை உங்களைத் தேடினோம்" என்றார் பிராண்ட். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"வீட்டுக்கு போன் பண்ணப் போனேன்."

"பேசினீர்களா?"

"பேசினேன்."

"நல்லது. சாவியை மாட்டுங்கள்."

11.20க்குக் கற்றை ஓடியது. நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகி ஓடுகிறது என்று தகடுகள் சொல்லின; ஒளிரும் திரையும் அதற்கு ஒத்துப்போனது. பேராசிரியரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சனி. காலிப் பெட்டியோடு ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்பினேன். விடுப்புக் கிடைத்தவன் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பலகையே கண்ணில் நின்றது. நான் ஒருவன் திரும்பவில்லை என்று அத்தனை பெரிய இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படியொரு பலகை இல்லை. நான் திரும்புவதற்குள் மகள் நடந்துவிட்டாள்.