முப்பது டைல் குறைந்த கணக்கு

ஜாசின் வட்டாரத்தில் டைல் போடுகிற ஷங்கர் என்றால் தெரியாதவர்கள் குறைவு. என் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை, வேலை அவ்வளவு சுத்தம். அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு, இத்தனை பெட்டி வாங்குங்கள் என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்தபின் இரண்டோ மூன்றோ டைல்தான் மிஞ்சும். குறைந்துவிட்டது என்று கடைக்கு ஓடியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அதே மனிதரிடம் கணக்கு என்று பேச்செடுத்தால், "எனக்குக் கணக்கு வராது லா" என்று நழுவிவிடுவார். டைல் எண்ணுவதெல்லாம் கணக்கில் சேர்த்தி இல்லை என்பது அவருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வகுப்பு. வீட்டில் இன்றும் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுகிறேன். எழுத்திலாவது மரியாதை கொடுத்துவைக்கிறேன். நாங்கள் ஒன்றாம் ஆண்டில் கால் வைத்த வருடம்தான் கணக்குப் பாடத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். நாங்கள் வளர்ந்து முடிப்பதற்குள், அது சரிவரவில்லை என்று மறுபடி பழைய வழிக்கே திருப்பினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். எஸ்டேட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கே தெரியும்? சொல்லிக்கொடுத்தவருக்கும் திணறல்தான், பாவம். அதனால் கணக்கைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தோம். கூட்டும்போது பத்தைத் தாண்டினால் "கேரி ஒன்" என்று வகுப்பே சேர்ந்து கத்தும். ஏன் ஒன்று, அது எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான்காம் ஆண்டில் ஒருநாள் ஷங்கர் ஒரு பெருக்கல் கணக்குக்கு விடையை மட்டும் எழுதினார், செய்த வழி எதுவும் இல்லை. வகுப்பறைத் தரையின் சிமெண்டுக் கட்டங்களைப் பார்த்து மனத்துக்குள்ளேயே எண்ணியிருக்கிறார். விடை சரியாகத்தான் இருந்தது. ஆசிரியர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து எழுதிவிட்டதாகச் சொல்லி, மணி அடிக்கும்வரை அவரை நிற்கவைத்தார். கலைமகள் கெட்டிக்காரி என்று அப்போது எனக்குப் பெயர். நான் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து ஷங்கர் கணக்கு நோட்டைத் திறந்தாலே முகம் சுருங்கிவிடும்.

இப்போது எங்கள் மகள் தேவிஸ்ரீ மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வருடம் அவர்களுக்குக் கணக்கு எடுக்க வந்தவர் உஷாந்தி டீச்சர். வந்த இரண்டாவது வாரமே வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இனிமேல் எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்குவது பிறகுதான். முதலில் கட்டம் வரைந்து, எண்ணைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கவேண்டும், பெற்றோர் ஒத்துழைக்கவும் என்று.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழு கொதித்துப்போனது. இரண்டு வரியில் முடிகிற கணக்குக்கு எதற்குப் பக்கம் முழுக்கப் படம் என்றார் ஒருவர். எங்களுக்கே புரியாததைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்விதான். எல்லோரையும்விடக் குரல் பெரிதாகக் கேட்டது எங்கள் வீட்டில்தான். "நம்மள வச்சி ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டாங்க. இப்ப நம்ம பிள்ளைங்களையுமா?" என்று ஷங்கர் குழுவில் குரல்பதிவு போட்டார். அதற்கு விழுந்த கைதட்டல் படங்களை எண்ணவே ஒரு டைல்காரர் வேண்டும்.

பேச்சோடு நிற்கவில்லை. நான் கிளினிக்கில் வேலை முடித்து வர ஒன்பதாகிவிடும். அதனால் சாயங்காலங்களில் மகளை உட்காரவைத்து, பழைய முறையில் தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணக்கு வராது என்கிற மனிதர், பிள்ளைக்காக அந்த நோட்டைத் திறந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறைந்த நெஞ்சோடு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நோட்டுச் சிவப்பாகத் திரும்பி வந்தது. பெற்றோர் ஒருமுறை வந்து பார்க்கவும் என்று டீச்சர் எழுதியிருந்தார். பழைய முறையில் செய்ததற்குத்தான் இந்தச் சிவப்பு என்று ஷங்கர் முடிவுகட்டிவிட்டார். மறுநாள் காலை தலை பின்னிவிடும்போது தேவிஸ்ரீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் கணக்கு வராதும்மா. அப்பா மாதிரி."

ஷங்கர் வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்துவிட்டது. அப்படியே வேலைக்குப் போனார். மதியம் எனக்கு ஒரு செய்தி வந்தது. பெற்றோர் சங்கம் கூட்டியிருக்கும் சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்தப் புது முறைக்கு ஒரு முடிவு கட்டாமல் விடப்போவதில்லை, தன் பிள்ளை தன்னைப்போல் ஆகக்கூடாது என்று. படித்துவிட்டுக் கிளினிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பள்ளி மண்டபத்தில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் சாமிநாதன் அண்ணன் எல்லோரையும் நிதானமாகப் பேசச் சொன்னார். உஷாந்தி டீச்சர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகள் வாய்பாட்டை ஒப்பிக்கிறார்களே தவிர, கையில் இருக்கும் எண் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் இருக்கிறார்கள் என்றார். பாதிப்பேர் கேட்டார்கள், மீதிப்பேர் கைப்பேசியைப் பார்த்தார்கள். பிறகு ஷங்கர் எழுந்து, நேராக வெள்ளைப் பலகைக்குப் போனார்.

மண்டபத்துக்கு வெளியே உள்ள நடைபாதை அவர் போட்டது. போன வருடம் கோத்தோங்-ரோயோங் என்று ஊரே சேர்ந்து பள்ளியைச் சுத்தம் செய்த நாளில் எல்லோரும் புல் வெட்டியபோது, இவர் கூலி வாங்காமல் டைல் பதித்தார். அதையே எடுத்துக்கொண்டார். குறுக்கே ஆறு டைல், நீளத்துக்கு நாற்பத்தெட்டு வரிசை. பழைய முறையில் இரண்டே வரி, பாருங்கள் என்று எழுதினார். ஆறெட்டு நாற்பத்தெட்டு. எட்டை எழுதினார். "கேரி ஒன்" என்றார். முன்வரிசையில் தேவிஸ்ரீயின் உதடும் கூடவே அசைந்தது. ஆறுநான்கு இருபத்துநான்கு, ஒன்று சேர்த்து இருபத்தைந்து. பலகையில் இருநூற்று ஐம்பத்தெட்டு நின்றது.

நான்கு கொண்டுபோகவேண்டிய இடத்தில் ஒன்று. கூட்டலுக்குக் கற்ற பாட்டைப் பெருக்கலிலும் பாடியிருக்கிறார். அதைத்தான் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

யாரும் எதுவும் சொல்லும்முன் அவரே திரும்பி, கதவு வழியாக நடைபாதையைப் பார்த்தார். ஒவ்வொரு டைலையும் குனிந்து வைத்தவர் அவர்.

"முப்பது டைல் குறையுது" என்றார்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. அவசரப்பட்டுத் திருத்தாமல் இருந்தாரே, அதற்காக அவரை நான் என்றும் மறக்கமாட்டேன். ஷங்கர் பலகையின் மூலையில் நீளமாக ஒரு கட்டம் வரைந்தார். ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பிரித்தார். "அம்பது வரிசைன்னா முன்னூறு. அதுல ரெண்டு வரிசை கிடையாது, பன்னெண்டு போச்சு. எரநூத்தி எம்பத்தெட்டு."

"தேவிஸ்ரீ அப்பா, இதத்தான் நான் சொல்லிக்கொடுக்கப் பாக்கறேன்" என்றார் டீச்சர். "எனக்கு இவ்ளோ சுருக்கமா சொல்ல வரல."

ஷங்கரை நம்பி வந்த பெற்றோருக்கு முகம் தொங்கிப்போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முன்வரிசைக்கு வந்து மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "தப்பு பாப்பாவோடது இல்லம்மா. அப்பா சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு."

தேவிஸ்ரீ பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ உங்களுக்குக் கணக்கு வருமாப்பா?"

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "வரும்" என்றேன். "நாலாம் ஆண்டுல அவரு என்னப் பாத்து எழுதல. நான் அந்தக் கணக்கையே போடல. அன்னிக்கே எந்திரிச்சு சொல்லியிருக்கணும்." நாற்பது பேருக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரிந்திருக்காது. புரியவேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டத்தில் சண்டை முழுதாகத் தீரவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோருக்கும் டீச்சர் வகுப்பு எடுப்பது என்று மட்டும் முடிவானது. சாமிநாதன் அண்ணன் எல்லோரையும் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டார். நானும் ஷங்கரும் தேநீரோடு கொடுத்த கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றோம். தேவிஸ்ரீ டைல்களை மிதித்து எண்ணிக்கொண்டே போனாள். இருபது வருடமாக மறைத்துவிட்டேன், மன்னித்துவிடு என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும். உன் நோட்டுல ஒண்ணுமே எழுதல, நான் பாத்தேன்" என்றார்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன்னையும் நிக்க வச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மகள் எத்தனாவது வரிசையில் இருக்கிறாள் என்று பார்க்கப் போனார்.