இருபதாம் தேதிக் குரல்

எங்கள் ஆபீசில் என் வேலை ஓடிபி வாங்குவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வரிக் கணக்கு பார்க்கும் ஆபீசில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு, அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவைக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில் ஒரு மாடியில் இரண்டு அறைதான் எங்கள் ஆபீஸ். நடத்துபவர் சகுந்தலா மேடம். வரி ஆலோசகர். கிளையண்டுகள் எல்லோரும் அவரை ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. டீ வாங்கவும் ஃபைல் தூக்கவும் சேர்ந்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது. எண்கள் மட்டும் ஒரு தடவை கேட்டால் மறக்காது. அதைக் கவனித்த மேடம் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். எல்லாம் முடிந்து கடைசி பட்டனை அழுத்தியதும் கடைக்காரரின் செல்லுக்கு ஆறு இலக்க எண் போகும். நான் அவருக்கு ஃபோன் போட்டு அதைக் கேட்டுச் சத்தமாகச் சொல்வேன். மேடம் தட்டுவார். அந்த எண்ணைச் சொன்னால் உரிமையாளரே கையெழுத்துப் போட்ட மாதிரி.

நான் கூச்சக்காரன். முன்பின் தெரியாதவரோடு பேசினால் காது சூடாகிவிடும். இந்த வேலையில் ஒரே கேள்வி, ஆறு எண் பதில். அதனால் எனக்குப் பொருந்திப்போனது.

மாறிய குரல்

அபிராமத்தில் கருப்பையா அண்ணன் என்று ஒரு மிளகாய் வியாபாரி எங்கள் கிளையண்ட். குண்டு மிளகாயை விவசாயிகளிடம் வாங்கிக் காய வைத்து, காம்பு கிள்ளி, விருதுநகருக்கு லோடு அனுப்புவார். மாதாமாதம் பில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வேன். அப்படியே பழகிவிட்டதால் நாங்கள் அங்கே போனதே இல்லை.

அவரிடம் ஓடிபி வாங்குவது எனக்குப் பெரிய சோதனை.

"ஏலே முனியசாமி, சாப்டியா? என்ன கொழம்பு?"

"அண்ணே, அந்த நம்பர்..."

"நம்பர் எங்கிட்டும் போயிராதுடா. கொழம்பச் சொல்லு மொதல்ல."

மேடம் முறைப்பார். எனக்கு வியர்க்கும். நேரம் போய் எண் காலாவதியாகி, மறுபடி அனுப்பிய நாட்களும் உண்டு.

ஒரு மாதம் இது மாறியது. ஃபோனை எடுத்ததும் பேச்சே இல்லை. இரண்டு இருமல். பிறகு கரகரத்த குரலில் ஆறு எண்கள், ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு விட்டு. பின்னால் காய்ந்த மிளகாய்க்குள் விதை குலுங்குகிற சத்தம். ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

அண்ணனுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதே போல் இரண்டு இருமல், ஆறு எண். பத்து விநாடியில் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பை வழக்கம்போல் வந்தது. பில்லில் எழுத்தும் மாறவில்லை. ஏழு மாதம் இப்படியே போனது.

நோட்டீஸ்

பிறகு வரி ஆபீசிலிருந்து கருப்பையா அண்ணன் பேருக்கு நோட்டீஸ் வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் இரண்டு லோடு மிளகாய், சரக்கு அனுப்ப எடுக்கும் இ-வே பில் போட்டு விருதுநகர் போயிருக்கிறது. அந்த விற்பனை ரிட்டர்னில் இல்லை. உரிமையாளர் வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும், வராவிட்டால் பதிவு ரத்து என்று போட்டிருந்தது. பதிவு ரத்தானால் அவர் பில் போட முடியாது. பில் இல்லாமல் விருதுநகரில் ஒரு மூட்டைகூட வாங்க மாட்டார்கள்.

செவ்வாய் காலையில் ஃபோன் போட்டேன். "அண்ணே, வியாழக்கிழமை நீங்க நேர்ல வரணுமாம்" என்றேன்.

இரண்டு இருமல். விதை குலுங்கியது.

"வர முடியாது" என்றது குரல். வைத்துவிட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மனுசன்? கடையே போயிரும்னு தெரியலையா? முனியசாமி, நீ நேர்ல போயி கையோட கூட்டிட்டு வா. அந்த ரெண்டு லோடு பில்லயும் தேடிக் கொண்டா."

அபிராமம், மத்தியானம்

பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் உச்சியில் இருந்தது. ரோட்டோரம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு டீக்கடையில் மட்டும் ஒருவர் நின்றார். கருப்பையா அண்ணன் கடை எது என்று கேட்டேன்.

"எந்தக் கருப்பையா?"

"மிளகா யாவாரி."

"எதுத்தாப்ல அந்தா இருக்கு பாருங்க, ஷட்டர் போட்டது. நீங்க யாரு, அசலூரா? அவரு செத்து ஏழு மாசம் ஆச்சே."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆளைத் தெரியாதவன் என்று விளையாடுகிறார் போல. "காலையிலதாண்ணே பேசினேன்" என்றேன்.

"யாருகிட்ட?"

"அவருகிட்டத்தான்."

அவர் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார். "லோடு ஏத்திக்கிட்டு நின்ன மனுசன், நெஞ்ச புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. மதுரைக்குக் கொண்டு போயும் மறுநா முடிஞ்சுபோச்சு. நாந்தான் பாடையில ஒரு பக்கம் தூக்கினேன். எனக்குத் தெரியாதா?"

ஆபீஸ் ஃபோனை எடுத்து அவர் எண்ணைப் போட்டேன். எதிரே, மூடிய ஷட்டருக்கு உள்ளே ஃபோன் அடித்தது. டீக்கடைக்காரரும் நானும் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டோம். நாலாவது மணியில் நின்றது. என் காதில் இரண்டு இருமல்.

"சொல்லு."

டீக்கடைக்காரர் என் பக்கம் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "அவரு குரலேதான்" என்று முணுமுணுத்தபடி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் ஓடியிருப்பேன். மேடம் கேட்ட பில் நினைவுக்கு வந்தது. "ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன். வெளியதான் நிக்கிறேன்" என்று ஃபோனில் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஷட்டருக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கதவு திறந்தது.

முகம் முழுக்கத் துண்டு சுற்றிய ஓர் உருவம். கண் மட்டும் தெரிந்தது. கையில் செல்ஃபோன்.

"உள்ள வாங்க" என்றது அதே குரல்.

சட்டைப் பை

துண்டை அவிழ்த்ததும் ஐம்பது வயதுப் பெண் தெரிந்தார். கருப்பையா அண்ணன் மனைவி பாண்டியம்மா. உள்ளே கூரை வரைக்கும் மிளகாய் மூட்டை. முட்டி அளவு மிளகாய் குவிந்து கிடந்தது. காற்றே சிவப்பாக இருந்தது. நெடி தாங்காமல் நான் இருமினேன்.

"இருவது வருசம் இந்தத் தூசி. எனக்கும் அவருக்கும் ஒரே தொண்டையா ஆயிப்போச்சு. அவரு இருக்கையிலயே நான் போன எடுத்தாலும், அண்ணேன்னுதான் பேசுவாக" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மதுரை ஆஸ்பத்திரியில கையப் புடிச்சுக்கிட்டு அவரு சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். இருவதாந் தேதி ஆபீஸ்ல இருந்து போன் வரும், நம்பர மட்டும் சொல்லு, விட்டுறாதன்னாரு. சொன்னேன். பில்லு எப்பவுமே நாந்தான் எழுதுவேன். பையும் நாந்தான் குடுத்துவிட்டேன். ஆளு போயிட்டாருன்னு தெரிஞ்சா ஜிஎஸ்டி நம்பரும் போயிரும், விருதுநகர்ல வாங்க மாட்டாகன்னு பயம். அறுபது மூட்டை கெடக்கு. பாதி மத்தவுக காய், நம்பிப் போட்டுட்டுப் போயிருக்காக. இன்னும் ரெண்டு வாரம் கெடந்தா கறுத்துப் போகும்."

கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளாச்சும் நீங்க யாரு பேசறதுன்னு கேட்டீகளா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்னைக்குக் கேப்பாகன்னு நெனச்சுக்கிட்டேதான் போன எடுப்பேன்."

நான் நோட்டீஸை எடுத்துப் பிரித்தேன்.

இரண்டு லோடு பில்லைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, லோடு அவசரத்தில் அண்ணனே எழுதியிருப்பார் என்றார். பில் புத்தகத்தில் இரண்டு தாளின் நகல் இல்லை. அந்த லோடு என்றைக்குப் போனது என்று நோட்டீஸைப் பார்த்துத் தேதியைச் சொன்னேன். பாண்டியம்மா மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. தோளில் மிளகாய்த் தூசி படிந்து செம்மண் நிறமாகியிருந்தது.

"அன்னைக்குப் போட்டிருந்த சட்டை. கழட்டி மாட்டினது. நான் தொடல. நீங்களே பாருங்க."

பைக்குள் கை விட்டேன். வியர்வையில் நனைந்து காய்ந்து மொடமொடத்த இரண்டு தாள்கள் இருந்தன. ஏழு மாதமாக எங்கள் கணக்கில் இல்லாத இரண்டு லோடும் அவற்றில் இருந்தன. பை சூடாக இருந்தது. தகரக் கூரை வெயில்தான். ஆனால் கையை வெளியே எடுத்த பிறகும் வெகுநேரம் அந்தச் சூடு இருந்தது.

மேடத்துக்கு ஃபோன் போட்டேன். வாயைத் திறந்ததும் நெடி தொண்டையைப் பிடித்தது. இரண்டு தடவை இருமினேன்.

"யாரு, கருப்பையா அண்ணனா?" என்றார் மேடம்.

ஃபோனை நழுவவிட்டேன். பாண்டியம்மா எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை

விஷயத்தைக் கேட்ட மேடம் இறந்த தேதியை இரண்டு தடவை கேட்டார். பிறகு ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"பாண்டியம்மா, அழுவாமக் கேளுங்க. செத்தவர் பேர்ல ரிட்டர்ன் போட்டது தப்பு. ஆனா வரிய ஒளிக்கல, கட்டியிருக்கீங்க. அத வச்சு நாம பேசலாம். இனிமே அந்தப் போன்ல இருந்து ஒரு நம்பர் சொல்லக் கூடாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடை கரண்ட் பில்லு, மூணும் எடுத்துட்டு நாளைக்கே வாங்க. பழைய பதிவ முடிச்சு, உங்க பேர்ல புதுசு எடுப்போம்."

வியாழக்கிழமை மூவரும் போனோம். நான் ஃபைலோடு சுவரோரம் நின்றேன். "ஓனர் எங்க?" என்றார் அதிகாரி. மேடம் இறப்புச் சான்றையும் அந்த இரண்டு பில்லையும் மேசையில் வைத்தார். அவர் தேதியைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதுக்கப்புறம் ஏழு ரிட்டர்ன் வந்திருக்கே. யார் போட்டது?"

பாண்டியம்மாவின் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் வாய் திறந்தால் ஆள்மாறாட்டம் என்று அவர் தலையில்தான் விடியும். மேடம் வார்த்தை தேடுவது தெரிந்தது. என் காது சூடாகியது.

"நாந்தான் சார் போன் போட்டு நம்பர் வாங்கினேன்" என்றேன். "யாரு பேசறதுன்னு கேக்கல. கேட்டிருந்தா அந்தம்மா சொல்லியிருப்பாங்க."

"ஏழு மாசமாவா?"

"ஏழு மாசமா, சார்."

"குரல் வித்தியாசம் கூடத் தெரியலையா?"

"தெரியல சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேடத்திடம், "எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம். விட்டுப்போன இரண்டு லோடுக்கு வரியும் வட்டியும் அபராதமும் கட்டினோம். பழைய பதிவை முடித்தார்கள். புதுப் பதிவு வர பதினொரு நாள் ஆனது. அதுவரை பாண்டியம்மா மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, புரட்டிப் புரட்டிக் காய வைத்தார். நாலு மூட்டைதான் கறுத்தது. மீதி லோடு ஏறியது.

அதற்கப்புறம் நான் யாரிடமும் நேராக எண்ணைக் கேட்பதில்லை. "யாரு பேசறீங்க? நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எண். புதிதாக வந்த பிள்ளைகள், "அண்ணே, ஓடிபி எக்ஸ்பயரி ஆயிரும்" என்று பறக்கும். காலாவதியானால் ஆகட்டும், இன்னொன்று அனுப்பிக்கொள்ளலாம். கருப்பையா அண்ணன் சும்மா குழம்பைக் கேட்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பாண்டியம்மா பேரில் முதல் ரிட்டர்ன் போட்ட அன்று அவருடைய புது எண்ணுக்கு ஃபோன் போட்டேன். இரண்டு இருமல் கேட்டது. பழக்க தோஷம், எனக்கு முதுகு சில்லிட்டது.

"யாரு பேசறீங்க?" என்றேன்.

"பாண்டியம்மா பேசறேன்" என்றது அந்தக் குரல். "முனியசாமி, சாப்டீகளா? என்ன கொழம்பு?"

மேடம் தட்டுவதற்குக் காத்திருந்தார். நான் நிதானமாக, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்று சொன்னேன்.