போனில் மட்டும் அப்பா

ரொறன்ரோவுக்கு வந்து மூன்று கிழமையாகியும் பத்மநாதனை அவருடைய ஒன்பது வயது மகள் மயூரி ‘அங்கிள்’ என்றே கூப்பிட்டாள். பிடிவாதத்தில் அல்ல. மோர்னிங்சைட்டில் அவர்கள் குடியிருந்த வீட்டின் மேல்தட்டிலும், கோயிலிலும், கடையிலும் காணும் தமிழ் ஆண் எல்லோரும் அவளுக்கு அங்கிள்தான். விமான நிலையத்தில் இரவல் கோட்டுக்குள் நின்ற ஒல்லியான மனிதரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்.

அவளுக்கு அப்பா இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஒரு அப்பா இருந்தார். “ஹலோ அப்பா, சுகமோ, சாப்பிட்டீங்களோ, எப்ப வருவீங்கள்?” என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு ரிசீவரைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். பத்மநாதன் வந்த முதல் ஞாயிறு மத்தியானம் அவள் தாயிடம், “ஏனம்மா இண்டைக்கு அப்பா எடுக்கேல்லை?” என்றாள். யோகமலர் சிரித்தார். பத்மநாதன் சிரிக்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1989இல் மனைவியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் அனுப்பியபோது, ஆறு மாதத்தில் வாறன் என்றார். ஏழு வருடமாயிற்று. போரையும் விசாவையும் மட்டும் குற்றம் சொன்னால் அது பாதி உண்மை. முதல் நான்கு வருடம் அவர் புறப்படவே முயலவில்லை. அங்கே வேலை இருந்தது, வேலையோடு ஒரு மேசை இருந்தது, மேசைக்குப் பின்னால் அவர் ஒரு ஆள். பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். இதை அவர் ஒளிக்கவுமில்லை, இதற்காக உருகிப் பேசவுமில்லை. நல்ல தகப்பன் என்று அவரைச் சொல்ல அப்போது எவரிடமும் சான்று இருக்கவில்லை.

மார்ச் நடுவில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை வந்தது. யோகமலருக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை.

“ஏழு வருசம் நான் தனியப் பார்த்தன். ஒரு கிழமை நீங்கள் பாருங்கோ,” என்றார் யோகமலர். “எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. ரீவிக்கு முன்னாலை இருத்தி வைக்காதேங்கோ.”

“எனக்கு வழி தெரியாதே.”

“அவளுக்குத் தெரியும். நீங்கள் பின்னாலை போங்கோ.”

அப்பா என்று கூப்பிடச் சொல்லி மகளுக்குச் சொல்லட்டா என்றும் யோகமலர் கேட்டார். பத்மநாதன் வேண்டாமென்றார். சொல்லிக் கொடுத்து வரும் சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. கிழமை முடிவதற்குள் அவளாக ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று மட்டும் மனதில் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மாகாணச் சட்டசபையைப் பார்க்கக் குயின்ஸ் பார்க் போனார்கள். அரசாங்க ஊழியர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த மாதம் அது. வாசலில் பீப்பாய்க்குள் தீ மூட்டி, கோரிக்கை எழுதிய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வட்டமாக நடந்தார்கள். அப்பால் பொலிஸ் நின்றது. பத்மநாதன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“இட்ஸ் ஜஸ்ற் எ ஸ்ரைக், அங்கிள். ஏன் பயப்படுறீங்கள்?”

“நான் பயப்படேல்லை.”

“ஏன் உவையள் வேலை செய்யேல்லை?”

“வேலை போயிடுமெண்ட பயத்திலை.”

“வேலை போயிடுமெண்டு வேலைக்குப் போகாமல் நிக்கினமோ?”

இன்று உள்ளே விடமாட்டார்கள் என்பதை அவள்தான் விசாரித்து வந்து சொன்னாள்.

அரசாங்கத்துக்குச் சொந்தமான இடங்களை நம்பிப் போகவேண்டாம், தனியார் நடத்துகிறவைதான் திறந்திருக்கும் என்று யோகமலரின் கூட்டாளிப் பெண்ணொருத்தி சொல்லிவிட்டாள். அப்படித்தான் புதன்கிழமை சப்பாத்து மியூசியத்துக்குப் போனார்கள். உலகத்துச் செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்த இடம்.

வாசலைத் தாண்டியதும் பத்மநாதன் குனிந்து தமது பனிச் சப்பாத்துகளைக் கழற்றி, சுவரோரம் சோடியாக வைத்துவிட்டு, கால்மேசோடு நின்றார். ஒரு பெருவிரல் வெளியே தெரிந்தது. இந்த நாட்டில் எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் முதலில் செய்யவேண்டியது அது என்று மூன்று கிழமையாகக் கற்றிருந்தார். ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி அந்தச் சப்பாத்துகளுக்கு முன் குனிந்து, விளக்கம் எழுதிய மட்டையை அங்குமிங்கும் தேடியது.

மயூரி தூரத்துப் பெட்டியடிக்குப் போய்விட்டாள். காவலாளி அவளைத் தேடிப் போய், அவர் உன்னோடு வந்தவரா என்று கேட்டான்.

“ஹீ இஸ் மை அங்கிள்,” என்றாள்.

அந்த இங்கிலிஷ் பத்மநாதனுக்கு விளங்கியது.

பஸ்ஸில் அவருடைய சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “சப்பாத்து மியூசியத்திலை ஆரும் சப்பாத்தைக் கழட்டுவினமோ?” என்றாள்.

“நீதானே கழட்டச் சொன்னனீ.”

“அது வீடு!”

வெள்ளிக்கிழமை அவருக்கு வெளிக்கிட மனமில்லை. ஈரத்தில் நடந்து கால்கள் ஊறிப்போயிருந்தன. யோகமலர் வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனதால் போனார்கள்.

மேட்டில் ஒரு கோட்டைவீடு. ஒரு பணக்காரன் ஆசைப்பட்டுக் கட்டி, வைத்திருக்க முடியாமல் விட்டுப்போனது. இப்போது ஒரு கழகம் அதை நடத்தியது. வாசலில் ஆளுக்கொரு கறுப்புக் கருவி கொடுத்தார்கள். ரிசீவரைப் போல நீளமாக இருந்தது. இலக்கத்தை அமத்திக் காதில் வைத்தால் அந்தந்த அறையின் கதையைச் சொல்லும். தமிழ் அதற்குத் தெரியாது. பத்மநாதன் மூன்று அறை வரை இங்கிலிஷில் கேட்டுப் பார்த்தார். பிறகு பெரிய மண்டபத்தின் ஒரு கோடியில், ஜன்னலடி வாங்கில் இருந்துவிட்டார். மறுகோடியில் மயூரி கருவியைக் காதில் வைத்தபடி, முதுகு காட்டி நின்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஆட்கள் இல்லை.

அவருடைய காதுக்குள் பேச்சு நின்றுபோனது. கருவியை எடுக்க மறந்து அப்படியே இருந்தார். கொழும்பு லொட்ஜில் போனடியில், பின்னால் நாலு பேர் காத்து நிற்க, இந்தச் சத்தமில்லாத இடைவெளியை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். வாய் தானாகத் திறந்தது.

“ஹலோ… மயூரிக்குட்டியோ?”

சத்தமாகத்தான் வந்தது. அந்தக் காலத்து லைனுக்கு அப்படிக் கத்தினால்தான் கேட்கும்.

அவள் திரும்பவில்லை. “ஹலோ அப்பா, சுகமோ, சாப்பிட்டீங்களோ, எப்ப வருவீங்கள்?” என்றாள், ஒரே மூச்சில்.

பிறகுதான் திரும்பினாள்.

அவர் கருவியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “வந்திட்டன். இஞ்சை, ஜன்னலடியிலை இருக்கிறன்.”

குரலையும் ஆளையும் ஒத்துப் பார்ப்பவள் போல அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் கருவியை இறக்கவில்லை.

“போனிலை நீங்கள் பெரிய ஆள் மாதிரி இருந்தனீங்கள்.”

“தூரமெல்லோ. கத்திக் கதைச்சனான்.”

“இப்பவும் கத்துறீங்கள். ஆக்கள் பாக்கப் போயினம்.”

வெளியே போகும்போது கருவிகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. பத்மநாதன் தம்முடையதைக் கொடுக்கத் தாமதித்தார். பிறகு கொடுத்தார். வீடு வரும் வரைக்கும் அவள் அவரை எதுவென்றும் கூப்பிடவில்லை.

வேலைநிறுத்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. பத்மநாதனுக்கு மில்லிக்கன் பக்கம் பெட்டி ஒட்டும் பக்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. மேசை இல்லை, நாள் முழுக்க நிற்கும் வேலை. அப்பா என்ற சொல் வீட்டில் சும்மா வரவில்லை. மயூரி கையை ரிசீவர் போல மடித்துக் காதில் வைப்பாள். அவரும் வைக்கவேண்டும். வைத்தால் அப்பா, வைக்காவிட்டால் அவருக்குப் பெயரே இல்லை. அங்கிள் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

ஏப்ரலில் ஒரு மாலை இரண்டு கையிலும் பால் பைகளோடு அவர் கதவைத் தள்ளியபோது, அவள் காதில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். முதுகு நோவில் அவருக்கு நிமிரக்கூட முடியவில்லை.

“கொஞ்சம் பொறு பிள்ளை.”

பைகளை நிலத்தில் வைத்தார். சுவரைப் பிடித்து நிமிர்ந்து, கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

“ஹலோ.”

“ஹலோ அப்பா, சுகமோ, சாப்பிட்டீங்களோ, சப்பாத்தைக் கழட்டினீங்களோ?”

இன்னும் கழற்றவில்லை.