சாமி பேர் எழுதிய முட்டுக்கட்டை

சேர்வராயன் கோயிலுக்கு மலையேறி வரும் சொந்தங்களுக்கு, மஞ்சக்குட்டை ஜீப்புக்காரன் பொன்னுசாமி சொல்லிக்கொள்வது. நல்ல சேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் சாமி எனக்குச் செய்ததில் நான் தலைகுனிய வேண்டிய பங்கும் இருக்கிறது. அதை மறைத்துச் சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். சேலத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தேன். பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் ஏறி நிமிர்ந்தபோது, மேலிருந்து வந்த ஒரு வெளியூர்க் கார் வளைவைக் குறுக்கே வெட்டி, என் பக்கத்துக்கே வந்து மோதியது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதை யார் சொல்வது? ஜீப்பின் வலது முன்சக்கரம் மடங்கிவிட்டது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது.

குதித்து இறங்கி, வண்டி பின்னால் உருளாமல் இருக்க இடது பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டேன். பலாக்கட்டை. அதில் வெள்ளை பெயிண்டால் 'சேர்வராயன் துணை' என்று நானே எழுதியிருந்தேன்.

காரை ஓட்டி வந்தவர் நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். தப்பு தன்னுடையதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மேலேயும் கீழேயும் பஸ்கள் ஹாரன் அடித்தன. எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உயிரே போனாலும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டோம். அடைத்தவனை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லியே கொன்றுவிடுவார்கள். அதனால் காரை நகர்த்தச் சொல்லி, மேலே போக நின்ற ஒரு லாரியை முன்னால் வரவிட்டு, அதில் கயிறு கட்டி, ஜீப்பை முன்னால் இழுத்து ஓரம் கட்டினேன். ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் கிடந்த கட்டையை எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் அந்த மனுஷர் வேறு ஆளாகிவிட்டார். ஜீப்தான் தன் பக்கத்துக்கு வந்து இடித்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார். ரைட்டர் என்னைப் பார்த்து, சாட்சி யார் என்று கேட்டார். இழுத்துவிட்ட லாரியின் நம்பரைக்கூட நான் பார்க்கவில்லை. வண்டிகளை நகர்த்தியாகிவிட்டது, இனி யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எப்படிச் சொல்வது என்று அவர் கையை விரித்தார்.

என் ஜீப்புக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருந்தது. அது நான் அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்குத்தான் உதவும். என் வண்டிச் சேதத்தை அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். அதற்கு அவர் மேல்தான் தப்பு என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். இருபது வருஷமாக எங்களுக்குச் சோறு போட்ட வண்டி. என் மனைவி கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். நானும் போனேன். ஸ்டியரிங் பிடித்த கை, கூடைக்குச் சரியாகப் பழகவில்லை. மேஸ்திரி ஏசினார். வாங்கிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை செருப்பில்லாமல் மலை உச்சிக்கு நடந்தேன். குகைக்குள் குனிந்து போய் சாமி முன்னால் விழுந்தேன். அழுதேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பணம் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஒரே ஒரு சாட்சியைக் கொண்டு வா சாமி என்றுதான் கேட்டேன்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எனக்கும் வந்தது, கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு.

அந்த வெள்ளிக்கிழமை, வண்டி இல்லாவிட்டாலும் பழக்கத்துக்கு ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தேன். வெள்ளக்கடையைச் சேர்ந்த சரசு என்ற பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவர் பையிலிருந்து ஒரு பலாக்கட்டையை எடுத்தார். ரெண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரம், பதினாலாவது வளைவில் பனிமூட்டத்தில் இந்தக் கட்டை மேல் ஸ்கூட்டர் ஏறிக் கவிழ்ந்து, அவளுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். இது யார் வண்டிக் கட்டை என்று கேட்டார்கள்.

ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது என் எழுத்து என்று தெரியும். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார்களாம். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "சாமி பேர எழுதி ரோட்டுல போட்டுட்டு வந்துட்டு, அந்தச் சாமிகிட்டயே போயி நாயங் கேட்டீங்களா?"

விடிந்ததும் வெள்ளக்கடைக்குப் போனேன். அந்த வீட்டு வாசலில் நின்று, கட்டை என்னுடையது என்று சொன்னேன். மோதலையும் சொன்னேன். காரணம் சொல்கிற மாதிரிதான் இருந்திருக்கும். சரசு என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, நேத்து அங்கதானுங்களே உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சாமிக்குத்தான் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் போனை எடுத்து நீட்டினார். கட்டை போட்டவன் மேல் புகார் கொடுக்க, விழுந்த இடத்தை அன்றே படம் எடுத்து வைத்திருந்தார். மேலே ஏறுகிற வண்டிக்குரிய இடது ஓரத்தில் என் கட்டை. அதற்கு முன்னால், அதே ஓரத்தில், கண்ணாடித் தூளும் ரேடியேட்டர் தண்ணீர் ஓடிய தடமும். நடுக்கோடு அந்தப் பக்கம் தள்ளிக் கிடந்தது. என் ஜீப் என் பக்கத்தில்தான் நின்றது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இந்தப் படத்தை ஸ்டேஷனில் காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க வண்டிக்கு நாயங் கெடைக்க என் கையி ஒடையணுமுங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நானும் திரும்பி வந்துவிட்டேன். ஜீப் போனது போனதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு சாமியிடம் ஜீப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் எலும்பு கூட வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

எட்டாம் நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். சரசு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படங்களைக் கொடுத்து, எழுதியும் கொடுத்துவிட்டாள். என் கவனக்குறைவையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள், அது அவள் உரிமை. வெளியே வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உங்களுக்காக வரலீங்க. நீங்களாச்சும் வந்து ஒத்துக்கிட்டீங்க. அந்தாளு ஒத்துக்கிட்டதையே இல்லீங்கறானே."

கார்க்காரர் மேல் வழக்குப் பதிவானது. அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டு சேலம் கோர்ட்டில் மனுப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் நடையாய் நடந்தேன். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. செலவு முழுவதும் வரவில்லை. ஜீப் எழுந்து ஓடுகிற அளவுக்கு வந்தது. அதில் முதலில் சரசுவின் வைத்தியச் செலவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

எலும்பு கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. அவள் வேலை பார்த்த லாட்ஜ் சமையல்கட்டில் சோற்றுக் குண்டானைத் தூக்க முடியாமல் அந்த வேலை போய்விட்டது. இப்போது பாத்திரம் தேய்க்கிறாள். சாமி என் மனுவைக் கேட்டார். அவள் எலும்பு கூடக் கேட்டதை ஏன் இப்படி விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்ததைச் சாமி தலையில் போடவும் மனசு வரவில்லை.

சொந்தங்களே, கஷ்டம் வந்தால் நீங்களும் அவரிடம் போங்கள். கட்டாயம் கேட்பார். ஆனால் உண்மையை அனுப்பு என்று கேட்டால், உங்கள் பங்கு உண்மையும் கூடவே வரும். அப்போது என்னைப் போல் தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் சரசு என் ஜீப்பில்தான் சேலத்துக்கு வருகிறாள். இடது கையால் பிடித்து ஏற முடியாது, அதனால் முன்சீட்டுக் கதவை நான் திறந்துவிடுவேன். திரும்பி வரும்போது, ஏற்றத்தில் எங்கேயாவது நிறுத்தி மறுபடி கிளப்பினால், அவள் முகத்தைத் திருப்பாமல் கேட்பாள்.

"கட்டைய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேனுங்க."

அதற்குப் பிறகுதான் நான் கியர் போடுவேன்.