வேகவைத்த கம்பளி

1. பாக்கெட் மூடி

நுவரெலியா பஜாரில் பழைய கோட்டு விற்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். முதலாளி என் முன்னால் ஒரு நீளக் கோட்டைத் தூக்கிப் போட்டு, "பத்மா, இத சரி பண்ணு" என்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் வருசக்கணக்காக ஜாக்கெட் லைனில் இருந்தவள்தான் நான். ஆனால் அங்கே நான் தைத்தது பாக்கெட்டின் மூடியை மட்டும். காலருக்கு ஒருத்தி, கைக்கு ஒருத்தி, ஜிப்புக்கு ஒருத்தி. முழு ஜாக்கெட் எப்படி ஜாக்கெட் ஆகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சோற்றுக்கு உப்பு மட்டும் போடத் தெரிந்தவளைச் சமையல்காரி என்று கூட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

"மொதலாளி, எனக்கு மூடி மட்டுந்தான் தைக்கத் தெரியும்."

"மூடி தெரிஞ்சா சட்டியும் தெரியும். பிரிச்சுப் பாரு."

மாணிக்கம் முதலாளிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஆனால் வியாபாரம் தெரியும். கீழ்நாட்டிலிருந்து அரைக்கைச் சட்டையோடு சீசனுக்கு வந்து, வெடவெடத்துக்கொண்டு நிற்பவர்களிடம் பக்கத்தில் போய், "ராவைக்கு இதவிடக் குளிரும்ங்க" என்று மெதுவாகச் சொல்வார். அவ்வளவுதான். கோட்டு போய்விடும்.

குளிர் நாடுகளில் கழித்துவிட்ட கோட்டுகள் பேல் பேலாக, பெரிய பெரிய கட்டுகளாக, வந்து இறங்கும். நல்லது வெளியே தொங்கும். பூச்சி அரித்தது, முழங்கை ஓட்டை, லைனிங் கிழிந்தது எல்லாம் மூலையில் குவியும். அந்தக் குவியல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நெஞ்சுப் பக்கம் உள்ளே குதிரை மயிர் கலந்த கித்தான் வைத்திருப்பார்கள். காலருக்கு அடியில் கண்ணுக்கே தெரியாத கைத்தையல் ஓடும். ஒரு கோட்டைப் பிரித்தால்தான் அதைத் தைத்தவருடைய புத்தி தெரியும். முகம் தெரியாத அந்தத் தையல்காரர்கள் எல்லாருக்கும் நான் கடமைப்பட்டவள்.

2. கோட்டுக்குத் திருவிழா

முழங்கை ஓட்டைக்கு அதே நிறத்தில் ஒட்டுப்போடத் துணி கிடைக்கவே கிடைக்காது. பழைய கம்பளித் துணியின் சாம்பல் நிறம் ஒரு தனிச் சாம்பல். எதை வைத்தாலும் திருட்டுத்தனம் மாதிரித் தெரியும். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், வைப்பதுதான் வைக்கிறோம், தெரிகிற மாதிரியே வைப்போமென்று என்னிடம் கிடந்த, லுங்கி மாதிரிக் கட்டுகிற கைத்தறிச் சாரத்தின் துண்டு ஒன்றைச் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு முழங்கையிலும் வைத்துத் தைத்துவிட்டேன்.

முதலாளி பார்த்தார். "என்ன பத்மா, கோட்டுக்குத் திருவிழா கொண்டாடுறியா?"

"விக்காட்டி நானே போட்டுக்கிறேன்" என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

அன்று பின்னேரமே ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதலாளி மறு வாரம் கண்டிப் பக்கம் நெசவு நிலையம் ஒன்றுக்குப் போய், தறியில் மிஞ்சிய துண்டுகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார். அவர் அப்படித்தான். தான் சொன்னது பிழை என்று வாயால் சொல்ல மாட்டார், மூட்டையைக் கொண்டுவந்து போடுவார்.

அதிலிருந்து எங்கள் கடைக்கு அதுவே வேலையாகிவிட்டது. பழைய கோட்டைப் பிரிப்போம், கைத்தறித் துண்டை நனைத்து உலர்த்தி வைப்போம், லைனிங், காலர், பாக்கெட் என்று பொருத்துவோம். இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கைத்தறியை நனைக்காமல் தைக்காதீர்கள். பழைய கோட்டு சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்திருக்கும். புதுத் துணி அதன்மேல் உட்கார்ந்து முதல் மழையில் சுருங்கினால் கோட்டின் மூஞ்சி கோணிக்கொள்ளும்.

3. ராக்கம்மாக்கா

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா பெயர் ராக்கம்மா, கொழுந்து எடுக்கிறவர். மகள் திவ்யா, முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு ஜப்பான் போகிறாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி ஃபிளைட். போகிற ஊரில் பனி முழங்கால்வரை விழுமாம்.

திவ்யா கடையைத் தலைகீழாகப் புரட்டி ஒரு நீளக் கோட்டை எடுத்தாள். நல்ல கண் அவளுக்கு. மேல்துணி கெட்டி, ஆனால் உள்ளே லைனிங் நார் நாராகத் தொங்கியது. அதனால்தான் விலையும் தோதாக இருந்தது.

"தங்கச்சி, இதுக்குள்ள என் கம்பளிய வச்சுத் தைக்க முடியுமா?" என்று ராக்கம்மாக்கா கேட்டார். "வேலைக்குப் பேர் பதிஞ்ச வருசம் தோட்டத்துல குடுத்தது. கையால நெய்ஞ்சது. மழைக்கு அத போத்திக்கிட்டுத்தான் அம்புட்டு வருசமும் மலைக்குப் போனேன். இப்பத்தான் எல்லாரும் பொலித்தீன் கட்டுறோமே, அது சும்மா அடுப்புக்கு மேல கெடக்கு."

எனக்கு உடனே பிடித்துவிட்டது. கம்பளியைவிடச் சூடான லைனிங் ஏது?

திவ்யா சிரித்தாள். "அத ஏம்மா? ஒரே பொகை நாத்தம். ஏர்போட்டுல எல்லாரும் மூக்கப் பொத்திக்குவாங்க."

ராக்கம்மாக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு கம்பளியைக் கொண்டுவரச் சொன்னேன். அது எவ்வளவு அகலம் என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். தாராளமாகப் போதும். அந்த வாரமே பழைய லைனிங்கைப் பிரித்து, அதையே அளவுக்கு வைத்து, கோட்டைத் தயாராக்கிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. ராக்கம்மாக்கா தனியாக வந்தார். பையிலிருந்து கம்பளியை எடுத்து மேசையில் வைத்தார். நான் விரித்தேன். விரிய வேண்டியது விரியவில்லை. பாதிகூட இல்லை. கை விரித்துக் காட்டிய கம்பளி, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைக்குக் கீழே போடுகிற அளவில் கிடந்தது. தடிப்போ மூன்று மடங்கு.

"என்னக்கா செஞ்சீங்க?"

"வேகவச்சேன் தங்கச்சி."

"வேகவச்சீங்களா?"

"பெரிய சட்டியில தண்ணி கொதிக்கவச்சு, சவுக்காரத் தூள் போட்டு. அப்புறம் தண்ணி விழுற பீலிக்குக் கொண்டுபோயி கல்லுல அடிச்சேன். புள்ள சொல்லிருச்சில்ல, நாத்தம்னு. எத்தன வருசம் மழையில நனஞ்ச கம்பளி இது. ஒரு நாளும் சுருங்கல. வெந்நியில சுருங்கும்னு யாரு கண்டா?"

பொய்யில்லை. ஊர் மழை முழுக்கக் குடித்த கம்பளி, தண்ணீருக்குப் பயப்படும் என்று யாருக்குத் தோன்றும்? பச்சைத் தண்ணீரில் அதற்கு ஒன்றும் ஆகாது. கொதிநீரும் சவுக்காரமும் அடியும் சேர்ந்தால்தான் ஆட்டு மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். அந்த விசயம் அன்றைக்கு எனக்கும் தெரியாது.

"நானே கெடுத்துட்டேன்" என்றார். அழவில்லை. பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "புள்ளைக்கிட்ட சொல்லாதீங்க தங்கச்சி. மனசு ஒடஞ்சு போவும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவர்மேல் இல்லை, அந்தப் பிள்ளைமேல். அதற்குள் முதலாளி எட்டிப் பார்த்து, "வேற லைனிங் ஒண்ணப் போட்டுக் குடு பத்மா. உள்ள என்ன இருக்குன்னு ஜப்பான்காரன் பிரிச்சா பாக்கப் போறான்?" என்றார்.

"சும்மா இருங்க மொதலாளி" என்றேன். அவர் சும்மா இருந்தார்.

வேறு வழி தெரியாமல் கம்பளியின் மூலையில் கத்தரிக்கோலை வைத்துக் கொஞ்சம் வெட்டினேன். வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் வெளியே வரவில்லை. கம்பளியை வெட்டினால் ஓரமெல்லாம் பிரிந்து கொட்டும், அதற்காகவே ஓவர்லாக் அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தவள் நான். குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கொஞ்சம் அதன்மேல் ஊற்றினேன். முத்து முத்தாக நின்றது. துடைத்துவிட்டு அடியில் கை வைத்தேன். காய்ந்துதான் இருந்தது.

"அக்கா, இது கெடல. இது இப்ப வேற துணி" என்றேன். அவர் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் கையைப் பிடித்துத் தண்ணீர் நின்ற இடத்தில் வைத்தேன்.

முழு லைனிங்குக்குத் துணி இல்லை. எந்த இடத்துக்கு வைப்பது? "மழையில மொதல்ல குளிர் எங்கக்கா ஏறும்?" என்று கேட்டேன்.

"பெடரியில. அப்புறம் தோளு. கையி வேல செஞ்சா தன்னால சூடாயிரும்."

"அப்ப தோளுக்கு மேலாப்புல, வெளியிலயே வச்சிரவா? நல்லாவும் இருக்கும், மழையும் தாங்கும்."

"வேணாம் தங்கச்சி" என்று அவசரமாகச் சொன்னார். "உள்ள வைங்க. புள்ளைக்கு வெக்கமா இருக்கும்."

அவர் சொன்னபடியே கம்பளியைத் தோளுக்கும் பிடரிக்கும் உள்பக்கமாக வைத்தேன். மற்ற இடத்துக்கெல்லாம் கைத்தறி லைனிங். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு அழகான துணியை ஒளித்துவைக்கிற மாதிரி இருந்தது.

4. பாக்கட்டும்

புதன்கிழமை இரண்டு பேரும் கோட்டை எடுக்க வந்தார்கள். வெளியே தூறல். திவ்யா போட்டுப் பார்த்தாள். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், உள்ளே திருப்பிப் பார்த்தாள்.

"கம்பளி பெருசுன்னீங்களேம்மா. இம்புட்டுத்தானா?"

ராக்கம்மாக்கா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் அது வராதே.

"நீ நாத்தம்னு சொன்ன ஒத்த வார்த்தைக்கு உங்கம்மா அத வேகவச்சுட்டாங்க. கெடுத்துட்டேன்னு இந்த மேசைக்கிட்டதான் நின்னாங்க. வெளியில வச்சா நீ வெக்கப்படுவியாம், அதுக்காக உள்ள வச்சுத் தைக்கச் சொன்னாங்க."

"விடுங்க தங்கச்சி" என்றார் ராக்கம்மாக்கா.

திவ்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேனோ என்று எனக்கும் பயம் வந்தது. போகிற பிள்ளையை அழவைத்து அனுப்புகிறோமே. அவள் கோட்டைக் கழற்றினாள். மேசையில் வைத்து உள்பக்கம் தெரியத் திருப்பினாள்.

"ஆன்ட்டி, இத வெளிய எடுத்து வச்சுத் தாங்க. தோள்ல."

"ஏண்டி, ஊரு ஒலகமே பாக்கும்" என்றார் அம்மா.

"பாக்கட்டும்மா."

"யாராச்சும் கேட்டா?"

"எங்கம்மா கொழுந்தெடுத்த கம்பளின்னு சொல்றேன்."

ராக்கம்மாக்கா தொங்குகிற கோட்டுகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதலாளி எழுந்து கடைக்கு வெளியே போய்விட்டார், மழையைப் பார்க்கிறாராம்.

அந்தத் தடிப்புக்கு மெஷின் ஊசி தாங்காது. பிரித்து, வெளியே வைத்து, கெட்டி நூலால் கையாலேயே தைத்தேன். திவ்யா காலரைப் பிடித்துக்கொண்டாள். ராக்கம்மாக்கா ஊசிக்கு நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார். நடுவில் ஒருமுறை, மகள் அம்மாவின் முட்டியைத் தன் முட்டியால் இடித்தாள், அம்மா திருப்பி இடித்தார். நான் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேர பஸ்ஸுக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டே மழையில் இறங்கினாள்.

திவ்யா பிளேன் ஏறிய பிறகு வந்த ஞாயிறு ராக்கம்மாக்கா தனியாக வந்து கடை வாசலில் நின்றார். "என்னக்கா, ஏதும் பிழையா?" என்றேன். "இல்ல தங்கச்சி, சும்மாதான். வீட்டுல இருக்க முடியல" என்றார். பால் ஊற்றாத வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்ததும் மூலையில் கிடந்த கோட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்து, லைனிங்கைப் பிரிக்கத் தொடங்கினார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இப்போது ஞாயிறுகளில் அவர் வருவது வழக்கமாகிவிட்டது. கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி இரண்டு பேரும், தோட்டத்து வீடுகளில் சும்மா கிடந்த கம்பளிகளை வேகவைக்கிறோம். எங்கள் கடைக் கோட்டின் தோளில் இருக்கிற அந்தக் கெட்டிக் கம்பளியைச் செய்ய எங்கே படித்தீர்கள் என்று ஆட்கள் கேட்கிறார்கள். படித்ததெல்லாம் இல்லை. மூலைக் குவியலை என்னை நம்பி விட்ட முதலாளிக்கும், தன் கம்பளியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்த ராக்கம்மாக்காவுக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, கெட்டுப்போன துணி என்று யாராவது கொண்டுவந்தால் உடனே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கையில் வாங்குங்கள், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். பிறகு, அதை யாருக்காகக் கெடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.