பன்னிரண்டு நிமிடம் இல்லாத படம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். நாற்பத்திரண்டு வயதாகிக் காதோரம் நரைத்த பிறகும் சின்னவள்தான். ஆஸ்பத்திரித் துணி அறையில் வெளுத்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. அங்கே அவளுக்கு ‘ரிவைண்டு அக்கா’ என்று இன்னொரு பேர். எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து ஒரே படத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

அவளுக்கு ஏழு வயதானபோது டிவியில் வந்த குடும்பப் படம் அது. பஸ் ஓட்டும் அப்பா, கோபக்கார அம்மா, நான்கு பிள்ளைகள், அப்பாவின் சாப்பாட்டுக் கேரியரைக் கவ்விக்கொண்டு டிப்போவுக்கே போய்க் கொடுத்துவிட்டு வரும் ஒரு நாய். அந்த நாய்க்கு இருந்த பொறுப்பில் கால்வாசி தன் புருஷனுக்கு இருந்திருந்தால் போதுமே என்று சின்னவள் பல தடவை பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

அந்தப் படத்தை வீடியோ கேசட்டில் பதிவு செய்தது அவளுடைய அப்பா. மகா சிக்கனக்காரர். விளம்பரத்துக்கு டேப்பைத் தாரை வார்க்க மாட்டார். விளம்பரம் வந்ததும் நிறுத்துவார், படம் வந்ததும் ஓடவிடுவார். அப்படி ஒரு தடவை நிறுத்தியவர், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசப் போய் மறந்துவிட்டார். பெரிய நஷ்டம் இல்லை, படத்தில் பன்னிரண்டு நிமிடம்தான் போனது. திரும்பி வந்து அவசரத்தில் பொத்தானை அமுக்கியதில், இரண்டு சோப்பு விளம்பரங்கள் மட்டும் முழுசாகப் பதிந்தன.

ஆகவே கேசட்டில் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போவாள். நாய் வாசலில் நின்று பார்க்கும். இரண்டு பெண்கள் சோப்பு நுரையில் சிரிப்பார்கள். அடுத்த நொடி, அம்மா எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

நடுவில் என்ன நடந்தது? அன்று சின்னவள் தூங்கிப்போயிருந்தாள். அப்போது பதினொரு வயதான அக்கா, பெரியவள்தான் கதை சொன்னாள். “அம்மா போயிருந்த வீட்டு வாசல்ல அப்பா வந்து நிக்கிறாரு. ‘நீ இல்லாத வீட்டுல கடிகாரம்கூட ஓடல’ன்னு சொல்றாரு. உடனே அம்மா பெட்டியை எடுத்துட்டா.”

அந்த ஒரு வசனத்தின் மேல் சின்னவள் தன் வாழ்க்கையைக் கட்டினாள். பெண் கேட்டு வந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படத்து அப்பாவின் மீசை இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள். ஒற்றுமை மீசையோடு நின்றுபோனது என்று ஒரே வாரத்தில் தெரிந்தது.

அந்த மீசை, கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு நாள் வீட்டைச் சுத்தம் செய்தது. டிவிக்குக் கீழே இருந்த பழைய வீடியோ டெக்கைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டு, வேலை முடிந்து வந்தவளிடம் பெருமையாகக் கேட்டார்: “இடம் எப்படி விசாலமாயிடுச்சு, பாத்தியா?”

கேசட் டெக்குக்குள்ளேயே இருந்தது.

சின்னவள் கத்தவில்லை. ஒரு பையில் நான்கு துணியை வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலாவது மாடி, இரண்டே அறை. ஹாலில் அவள் பாய் விரித்ததும், அக்கா புருஷன் பேப்பரோடு சமையலறை ஸ்டூலுக்குக் குடிபெயர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக் தினமும் போன் செய்தார். முதல் நாள் உப்பு எங்கே என்று கேட்டார். மறுநாள் வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் என்று கேட்டார். மூன்றாம் நாள் உப்பு தீர்ந்துவிட்டது என்று தெரிவித்தார்.

“ஒன்பது நாளாச்சுடி. வீம்பு போதும், கிளம்பு” என்றாள் பெரியவள்.

“அவர் வரணும். வாசல்ல நிக்கணும். அதைச் சொல்லணும். அப்பதான் போவேன்.”

பெரியவள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பெரியவளின் மகள் துள்ளிக் குதித்து வந்தாள். “சித்தி, உங்க படம் கிடைச்சிருச்சு! யாரோ நெட்ல முழுசா ஏத்தியிருக்காங்க!”

“இப்ப எதுக்குடி அது? சாப்பாடு ஆறுது” என்றாள் பெரியவள். அடுப்பே இன்னும் மூட்டியிருக்கவில்லை.

டிவியில் படம் ஓடியது. அம்மா பெட்டியைத் தூக்கினாள். நாய் பார்த்தது. சோப்பு வரவில்லை. சின்னவள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா பஸ் ஏறினாள். பாதி வழியில் இடுப்பைத் தடவினாள். பீரோச் சாவி! பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் பூட்டிய பீரோவுக்குள். இறங்கி, வந்த வழியே திரும்பினாள். “உன்கூட இருக்க வரல, பீரோவைத் திறக்க வந்தேன்” என்றாள். அப்பா “ம்” என்றார். அப்படியே எனக்கும் ரெண்டு வாய் சோறு போடு என்றார். போட்டாள். அவ்வளவுதான்.

“வாசல்ல வந்து நின்னாருன்னியே?”

“நான் என்ன பண்றது? பாதிப் படம் எங்கன்னு நீ மூணு நாளா அழுதே. எதையாவது சொல்லி அவ வாயை மூடுன்னு நம்ம அம்மா சொன்னாங்க. சொன்னேன்.” பெரியவள் சட்டென்று குரலை உயர்த்தினாள். “இப்பவாவது பாத்தியா? அவளே திரும்பி வந்துட்டா. நீயும் கிளம்பு!”

“அது வெறும் படம்க்கா” என்றாள் சின்னவள்.

முப்பத்தைந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. சமையலறையிலிருந்து அக்கா புருஷன்கூட எட்டிப் பார்த்தார்.

“நீ சொன்னதுதான் நல்லாயிருக்கு. எனக்கு அதுதான் வேணும்” என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள். “உடனே அக்கா வீட்டு வாசலுக்கு வாங்க. ஒரு வரி எழுதி அனுப்புறேன், அதை அப்படியே சொல்லணும்.”

“இப்பவா? ஆறாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க.”

“அவங்களை இறக்கிட்டு வாங்க.”

ஒரு மணி நேரத்தில் வந்தார். அக்கா வீட்டுக் கட்டிடத்து லிஃப்டும் வேலை செய்யாததால் நான்கு மாடியும் ஏறி, மூச்சு வாங்க, கையெல்லாம் கிரீஸோடு வாசலில் நின்றார். போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, லிஃப்டில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையை வாசிக்கும் குரலில் வாசித்தார். “நீ இல்லாத வீட்டுல கடிகாரம்கூட ஓடல.” ஒரு நொடி யோசித்தார். “ஓடுதே? போன மாசம்தானே பேட்டரி மாத்தினேன்?”

“எழுதினதை மட்டும் சொல்லுங்க.”

இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை ‘நீ இல்லாத’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இடறியது. படியேறிய இளைப்பாகவும் இருக்கலாம். சின்னவள் அதைக் கிண்டவில்லை.

அழுதது பெரியவள்தான். அவள் எழுதிய ஒரே வசனம் முப்பத்தைந்து வருடம் கழித்து, பேட்டரி விளக்கத்தோடு அரங்கேறியிருக்கிறது. சும்மாவா?

சின்னவள் பையை அவரிடம் நீட்டினாள். அவர் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்து நான்கு மாடியும் இறங்கினார். பின்னாலேயே இறங்கியவளுக்கு, கேரியரைக் கவ்விக்கொண்டு டிப்போவுக்குப் போகும் அந்த நாயின் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அவளிடம் இல்லை என்று அவருக்கு எங்கே புரியப்போகிறது?